ஓடிப்போனவர்களும் உடைந்த நாடும்



அமெரிக்காவில் 1850-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது. அப்போது அந்த நாட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 32 லட்சம் பேர். அந்த ஓராண்டில் தப்பியோடிப் பிடிபடாமல் இருந்தவர்கள் 1,011 பேர் என்று பதிவாகியிருக்கிறது. எஜமானர்கள் வாயால் சொன்ன கணக்கு அது. உண்மையில் கூடுதலாகவே இருந்திருக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டாது. 1860-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 803 ஆகக் குறைந்துவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் நாடு உடையத் தொடங்கியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் குறைந்தது ஆறு லட்சத்து இருபதாயிரம் பேர் செத்தார்கள்.

வருஷத்துக்கு ஆயிரம் பேர் ஓடிப்போவதற்கும் இத்தனை பெரிய போருக்கும் என்ன சம்பந்தம்? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று கேட்டால் இரண்டு சுலபமான பதில்கள் கிடைக்கும். வடக்கு நல்லது, தெற்கு கெட்டது, நல்லவர்கள் கெட்டவர்களோடு சண்டை போட்டு அடிமைகளை விடுவித்தார்கள் என்பது ஒன்று. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த லிங்கன் கதை இந்த வகை. இன்னொன்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. அடிமைமுறையெல்லாம் சாக்கு, உண்மையில் அது மாநில உரிமைக்கான போர், இறக்குமதி வரிக்கான சண்டை, தொழிற்சாலைக்கும் வயலுக்கும் நடந்த மோதல் என்பார்கள். இரண்டாவது பதில் நம் ஊரில் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. மாநில உரிமை என்றால் நமக்குக் காது இனிக்கும். மத்திய அரசை எதிர்த்து ஒரு மாநிலம் நிற்கிறது என்றால் விசாரிக்காமலேயே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவோம். அதில் எனக்கும் விலக்கில்லை. ஆனால் எந்த உரிமைக்காக நின்றார்கள் என்று கேட்காமல் சாயக்கூடாது.

1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதியவர்கள் அடிமைமுறை விஷயத்தில் பேரம் பேசித்தான் நாட்டைக் கட்டினார்கள். பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு சேர்த்து எண்ணுவது என்று முடிவாயிற்று. ஓட்டே இல்லாத மனிதனின் தலையை எண்ணி, அவனை விலைக்கு வாங்கியவனுக்கு ஓட்டு பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே கணக்குத்தான். 1861 வரையிலான 72 ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலம் அந்த நாற்காலியில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்களே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அத்தனை பேரும் அப்படிப்பட்டவர்கள்தான். தெற்கு ஏமாற்றப்பட்ட பகுதி என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே அரசியல் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பி அடுத்த மாநிலத்துக்குப் போன அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எழுதும்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது வருஷம் கழித்து நாட்டை இரண்டாக்கியதில் அந்தப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நாட்களில் வர்ஜீனியாவின் புகையிலை நிலங்கள் சாரம் இழந்துகொண்டிருந்தன. அடிமைமுறை தானாகவே மெல்ல மறைந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் பலர் நம்பினார்கள். 1793-இல் எலி விட்னி என்ற இளைஞர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தைச் செய்தார். தெற்கின் உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தேறுவதே பெரிய காரியம். இயந்திரம் வந்ததும் ஜார்ஜியாவிலிருந்து டெக்சாஸ் வரை மண்ணெல்லாம் பருத்தியாயிற்று. 1860-இல் ஆண்டு விளைச்சல் சுமார் 40 லட்சம் பொதி. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பஞ்சு. 1790-இல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் 40 லட்சத்தை எட்டிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது 1808-லேயே தடை செய்யப்பட்டாயிற்று. பிறகு எங்கிருந்து ஆள்? வர்ஜீனியா, மேரிலாந்திலிருந்து. சுமார் பத்து லட்சம் பேரை மேல் தெற்கிலிருந்து கீழ்த் தெற்குக்குக் கொண்டுபோனார்கள். சங்கிலியில் பிணைத்துக் கால்நடையாக நடத்தினார்கள், கப்பலில் நியூ ஆர்லியன்சுக்கு ஏற்றினார்கள். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்றார்கள். தப்பியோடியவர்களில் பலர் சாட்டைக்குப் பயந்து ஓடியவர்கள் என்று நினைக்கிறோம். விற்கப்படப் போகிறோம் என்ற செய்தி காதில் விழுந்த இரவில் ஓடியவர்கள் நிறைய. ஹேரியட் டப்மன் 1849-இல் மேரிலாந்திலிருந்து ஓடியதும் அப்படித்தான்.

பருத்தியைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து வாங்கின. ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து என்று பட்டதால், கிழக்கிந்தியக் கம்பெனி 1840-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரையே இந்தியாவுக்கு அழைத்து வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பொறுப்பு தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட்டிடம் இருந்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிறகு அங்கே போர் மூண்டு தெற்கின் துறைமுகங்கள் அடைபட்டபோது திருநெல்வேலிப் பஞ்சுக்குத் திடீர் விலை வந்தது. போர் முடிந்ததும் அந்த விலை இறங்கிவிட்டது.

1860-இல் அமெரிக்க அடிமைகளின் சந்தை மதிப்பு ஏறக்குறைய 300 கோடி டாலர். நாட்டிலிருந்த ரயில் பாதைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் போட்ட முதலைக் கூட்டினாலும் அதற்குக் கீழேதான். அந்தச் சொத்துக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. அதற்குக் கால் இருந்தது. நிலம் எழுந்து நடக்காது, வீடு எல்லை தாண்டாது. இந்தச் சொத்து இருட்டினால் வடக்கு நட்சத்திரத்தைப் பார்த்து நடக்கும். இப்படிப்பட்ட சொத்தைக் காப்பாற்ற அது இருக்கும் ஊரின் போலீஸ் போதாது, அது போய்ச் சேரும் ஊரின் போலீசும் வேண்டும். அடிமைமுறை தெற்கின் உள்வீட்டு விவகாரமாக ஒருநாளும் இருக்க முடியாமல் போனது இதனால்தான்.

1820-இல் முதல் பெரிய உரசல். மிசௌரி அடிமை மாநிலமாகச் சேர வந்தது. செனட்டில் இரு தரப்புக்கும் சமபலம் இருக்க வேண்டும் என்பதால் மெயின் என்ற பகுதியைத் தனி மாநிலமாக்கி மறுபக்கம் சேர்த்துக்கொண்டார்கள். மேற்கே உள்ள நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை என்ற கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று ஒரு கோடு கிழித்தார்கள். முப்பது வருஷம் அது தாங்கியது. இடையில் 1832-இல் தென் கரோலினா இறக்குமதி வரியை எதிர்த்து, கூட்டரசுச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று அறிவித்ததும், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் படையை அனுப்புவேன் என்று மிரட்டியதும் உண்டு. வரிதான் காரணம் என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அந்தச் சண்டை அடுத்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது. வரியைக் குறைக்கலாம், கூட்டலாம், நடுவில் நிற்கலாம். 1857-இல் வரி பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு தாழ்ந்திருந்தது, தெற்கின் ஓட்டோடு. வரிக்காக யாரும் 1860-இல் பிரிந்துபோக வேண்டிய நிலை இல்லை.

1831-இல் நடந்த இரண்டு காரியங்கள் தெற்கின் மனத்தை இறுக்கின. ஜனவரியில் பாஸ்டனில் வில்லியம் லாயிட் கேரிசன் ‘லிபரேட்டர்’ பத்திரிகையைத் தொடங்கி, படிப்படியாக அல்ல, உடனே விடுதலை வேண்டும் என்றார். ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சவுதாம்ப்டன் பகுதியில் நாட் டர்னர் என்ற அடிமைப் போதகர் கலகம் செய்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வர்ஜீனியா சட்டசபை ஓர் ஆச்சரியமான காரியம் செய்தது. அடிமைமுறையையே படிப்படியாக ஒழித்துவிடலாமா என்று 1832 ஜனவரியில் வெளிப்படையாக விவாதித்தது. தீர்மானம் தோற்றது. தெற்கில் அப்படி ஒரு விவாதம் அதற்கப்புறம் நடக்கவே இல்லை. எழுத்தறிவு கற்பிப்பதற்கு எதிரான சட்டங்கள் கடுமையாயின. 1835-இல் சார்ல்ஸ்டன் தபால் நிலையத்திலிருந்து எதிர்ப்புப் பிரசுரங்களை எடுத்துத் தெருவில் கொளுத்தினார்கள். அடிமைமுறை குறித்த மனுக்களைப் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே கூடாது என்ற விதி 1836 முதல் 1844 வரை அமலில் இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதிர்ந்த வயதில் சாதாரண உறுப்பினராக அந்தச் சபையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அதை எதிர்த்தார். கறுப்பர்களைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தியர்களுக்கும் இது உறைத்தது. எங்கள் மனுவை நாங்கள் கொடுக்கக்கூடாதா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எப்படி வளர்கிறது என்று கவனியுங்கள். அவனுடைய சுதந்திரத்தைப் பற்றிய விவகாரம் என்னுடைய சுதந்திரத்தைத் தொடும்போதுதான் பெரும்பாலான மனிதர்கள் விழிக்கிறார்கள். சொல்ல நன்றாக இல்லை, ஆனால் நடந்தது அதுதான்.

மெக்சிகோவோடு போர் செய்து 1848-இல் அமெரிக்கா பெரும் நிலப்பரப்பைப் பிடித்தது. அந்த நிலத்தில் அடிமைமுறை உண்டா, இல்லையா? கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து ஒரே வருஷத்தில் கூட்டம் குவிந்து, எங்களுக்கு அடிமைமுறை வேண்டாம் என்று அது கதவைத் தட்டியது. 1850 சமரசம் என்று பெயர் பெற்ற சட்டத் தொகுப்பில் கலிபோர்னியா வடக்குக்குக் கிடைத்தது. தெற்குக்கு ஈடாகக் கிடைத்ததுதான் தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தப்பியவர் என்று ஒருவரைப் பிடித்து வந்தால் வழக்கு நீதிபதியிடம் போகாது, கூட்டரசு நியமித்த கமிஷனரிடம் போகும். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பைத் தானே சாட்சியாகச் சொல்லவும் முடியாது. இவர் அடிமைதான் என்று தீர்ப்புச் சொன்னால் கமிஷனருக்குப் பத்து டாலர் கட்டணம், இல்லை என்று விடுவித்தால் ஐந்து டாலர். முதல் வகையில் எழுத்து வேலை அதிகம், அதனால்தான் என்று விளக்கம் சொன்னார்கள்! தப்பியவருக்குச் சோறு போட்டு ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை. எல்லாவற்றையும் விட முக்கியம், அதிகாரி கூப்பிட்டால் வழியில் போகும் எந்தக் குடிமகனும் ஓடுபவரைப் பிடிக்க உதவியாக வேண்டும். பாஸ்டனில் மளிகைக்கடை வைத்திருப்பவன், ஒஹாயோவில் உழுதுகொண்டிருப்பவன் எல்லோரும் ஒரே நாளில் சட்டப்படி அடிமை பிடிப்பவர்களானார்கள்.

மாநில உரிமை பேசிய தெற்கு கேட்டு வாங்கிய சட்டம் இது. போருக்கு முந்திய அமெரிக்காவில் மாநில எல்லைக்குள் கூட்டரசின் கை இவ்வளவு ஆழமாக நுழைந்த இன்னொரு சட்டத்தைக் காட்டுவது கடினம். எதிர்த்து மாநில உரிமை பேசியது யார் தெரியுமா? வடக்கு. 1854-இல் விஸ்கான்சினில் ஜோஷுவா குளோவர் என்ற தப்பியவரைக் கூட்டம் சிறையை உடைத்து விடுவித்தது. வழக்கு வந்தபோது அந்தச் சட்டமே செல்லாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு மாநிலத்துக்கு அப்படிச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று அதைத் தூக்கி எறிந்தது. தெற்கு கைதட்டியது.

அதே 1854 மே மாதம். அந்தோனி பர்ன்ஸ் என்ற இருபது வயது மனிதர், வர்ஜீனியாவிலிருந்து தப்பி பாஸ்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர், கைதானார். மே 26 இரவு வெள்ளையரும் கறுப்பருமாக ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைக்கப் பார்த்தது. காவலுக்கு இருந்த ஒருவர் கொல்லப்பட்டார். பர்ன்ஸை விடுவிக்க முடியவில்லை. ஜூன் 2 அன்று அவரைக் கப்பலுக்கு அழைத்துச் சென்றபோது தெருவின் இருபுறமும் பட்டாளம், கூடவே பீரங்கி. கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. ஒரு மனிதரைத் திருப்பி அனுப்புவதற்கு அரசுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. அடுத்த ஆண்டே பாஸ்டன் மக்கள் பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அந்த வாரம் பாஸ்டனில் ஆமோஸ் லாரன்ஸ் என்ற ஆலை முதலாளிக்கு நேர்ந்ததைத்தான் நான் இந்த உரையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். தெற்கின் பஞ்சில்தான் அவர் குடும்பத்தின் செல்வம் நூற்கப்பட்டது. கலகம் பிடிக்காத மனிதர், சமரசக்காரர், கேரிசன் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குபவர். பர்ன்ஸ் விவகாரத்தின்போது, தன்னைப் போன்றவர்கள் பழைய சமரசவாதிகளாகப் படுத்து வெறிகொண்ட அடிமை ஒழிப்புக்காரர்களாக எழுந்ததாக உறவினருக்கு எழுதினார். அவரைப் புரட்டிப் போட்டது எந்தப் புத்தகமும் பிரசங்கமும் இல்லை. அடிமைமுறையை எதிர்த்து ஹேரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய நாவல் 1852-இல் வெளியாகி ஓராண்டில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் ஊர்த் தெருவில், தன் வரிப்பணத்தில், தன் கண் முன்னால் ஒரு மனிதனைக் கட்டி இழுத்துப்போவதைப் பார்ப்பது வேறு.

பர்ன்ஸ் விசாரணை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மே 30 அன்று, கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்தது. 1820-இல் கிழித்த கோட்டை அது அழித்துவிட்டது. அங்கே குடியேறுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. யார் முதலில் ஆள் இறக்குகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். வடக்கிலிருந்து ஆட்களை அனுப்பத் தொடங்கிய சங்கத்துக்குப் பொருளாளர் யார்? நம் லாரன்ஸ்தான். குடியேறியவர்கள் தங்கள் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். துப்பாக்கிகளும் போயின. மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்து கள்ள ஓட்டுப் போட்டவர்கள் மறுபக்கம். 1856 மே 21 அன்று அடிமைமுறை ஆதரவுக் கும்பல் லாரன்ஸ் ஊருக்குள் புகுந்து பத்திரிகை அச்சகங்களை உடைத்து ஓட்டலைக் கொளுத்தியது. மறுநாள் வாஷிங்டனில் செனட் மண்டபத்திலேயே, தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ் என்ற சபை உறுப்பினர், மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரைக் கைத்தடியால் மண்டை உடையும்வரை அடித்தார். கான்சாஸ் பற்றிய பேச்சில் தன் உறவினரை இழிவுபடுத்தினார் என்பது காரணம். புரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம். பதவியை விட்டார், தொகுதி மறுபடியும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. தெற்கிலிருந்து பாராட்டாகப் புதுக் கைத்தடிகள் வந்து குவிந்தன. சம்னரால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சபைக்கு வந்து பணி செய்ய முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, மே 24 இரவு, கான்சாஸில் ஜான் பிரவுன் என்ற மனிதர் தன் மகன்களோடு போய் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்து வாளால் வெட்டிக் கொன்றார். நான்கே நாட்கள். போர் 1861-இல் தொடங்கியது என்று எழுதுகிறோம். கான்சாஸ்காரர்களைக் கேட்டால் வேறு தேதி சொல்லியிருப்பார்கள்.

இந்தக் குழப்பத்தை நீதிமன்றம் தீர்த்துவைக்கும் என்று நினைத்தார்கள். டிரெட் ஸ்காட் ராணுவ மருத்துவர் ஒருவரின் அடிமை. எஜமானரோடு இல்லினாயிலும் வடமேற்குச் சுதந்திரப் பகுதியிலும் பல வருஷம் வாழ்ந்தவர். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் தானும் தன் மனைவி ஹேரியட்டும் சுதந்திரர்கள் என்று 1846-இல் வழக்குப் போட்டார். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ராஜர் டானி ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பைப் படித்தார். கறுப்பர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது, வழக்குப் போடவே உரிமை இல்லை. நிற்கவில்லை அவர். கூட்டரசின் எந்தப் புது நிலப்பரப்பிலும் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள் முன்பு குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜேம்ஸ் புக்கானன், தீர்ப்பு எதுவானாலும் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று தன் பதவியேற்பு உரையில் உபதேசம் செய்திருந்தார். நீதிபதிகளோடு முன்கூட்டியே கடிதப் போக்குவரத்து வைத்திருந்த மனிதர் அவர்.

லிங்கன் இந்தக் கட்டத்தில்தான் பெரிதாகத் தெரிகிறார். 1858-இல் டக்ளஸோடு இல்லினாயின் ஏழு ஊர்களில் ஏழு விவாதங்கள். அவரைக் கடவுளாக்கிப் பழகிய நமக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்காவது விவாதத்தில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை என்று அவர் அறிவித்தார். கூட்டத்தின் ஓட்டு வேண்டும், பேசினார். அடிமைமுறை தவறு, அது புது நிலத்துக்குப் பரவக்கூடாது என்பதில் மட்டும் அசையவில்லை. இருக்கும் இடத்தில் அதைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். இவ்வளவு அடக்கமான நிலைப்பாடு. அதைத் தாங்க முடியாமல்தான் ஏழு மாநிலங்கள் பிரிந்தன.

அதற்கு முன் 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் மறுபடி வருகிறார். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைப் பிடித்து அடிமைகளின் கலகத்தைத் தொடங்குவது திட்டம். இருபது சொச்சம் ஆட்கள். அந்தத் தாக்குதலில் முதலில் செத்தவர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஹேவர்ட் ஷெப்பர்ட், சுதந்திரக் கறுப்பர். கலகம் எழவில்லை. ராபர்ட் லீயின் தலைமையில் வந்த படை பிரவுனைப் பிடித்தது, டிசம்பர் 2 அன்று தூக்கு. வடக்கின் சில ஊர்களில் அன்று தேவாலய மணி அடித்தார்கள். அந்த மணியோசைதான் தெற்கைக் குலுக்கியது. பிரவுனைப் பைத்தியம் என்று ஒதுக்கியிருக்கலாம், அவனுக்காக மணி அடிப்பவர்களை என்ன செய்வது?

1860 தேர்தலில் நான்கு வேட்பாளர்கள். லிங்கனுக்குக் கிடைத்தது சுமார் 40 சதவீத ஓட்டு, அதுவும் ஏறக்குறைய முழுக்க வடக்கிலிருந்து. தெற்கின் பத்து மாநிலங்களில் அவர் பெயரில் ஓட்டுச் சீட்டே கிடையாது. அப்படியும் வென்றார். ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு இனிக் காப்பாற்றாது என்று தெற்குக்குத் தெரிந்துவிட்டது. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரி முதல் தேதிக்குள் மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூயிசியானா, டெக்சாஸ்.

ஏன் பிரிந்தோம் என்று சில மாநிலங்கள் அறிக்கை வெளியிட்டன. மாநில உரிமைக்காரர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். தென் கரோலினாவின் குற்றச்சாட்டில் பெரும்பகுதி, வடக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைக் காட்டித் தப்பியவர்களைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பது. அதாவது, வடக்கு மாநிலங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்துகின்றன என்பதே புகார்! மிசிசிப்பி இன்னும் ஒளிவுமறைவில்லாமல், தன் நிலை அடிமைமுறையோடு பிரிக்க முடியாமல் ஒன்றியிருப்பதாக எழுதிவைத்தது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புது நாட்டின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு அதே ஸ்டீபன்ஸ் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, எல்லாம் அரசியல் சட்டத் தத்துவச் சண்டை என்று நிறுவப் பார்த்தார்.

அறிக்கைகளையும் நம்ப வேண்டாம், 1860 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் போதும். தென் கரோலினாவில் நூற்றுக்கு 57 பேர் அடிமைகள், மிசிசிப்பியில் 55. முதலில் போன இரண்டு இவைதான். அந்தக் குளிர்காலத்தில் போன மற்றவற்றில் டெக்சாஸ் நீங்கலாக எல்லாம் 40-க்கு மேல். போர் மூண்ட பிறகுதான் போன வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, ஆர்கன்சா நான்கிலும் 25-இலிருந்து 33 வரை. பிரியாமல் நின்ற கென்டக்கியில் 20, மேரிலாந்தில் 13, மிசௌரியில் 10, டெலவேரில் இரண்டுகூட இல்லை. மாநிலத்துக்குள்ளேயும் இதே கதைதான். அடிமைகள் குறைந்த மலைப்பகுதி வர்ஜீனியா, தாய் மாநிலத்திலிருந்து தானே பிரிந்து 1863-இல் மேற்கு வர்ஜீனியாவாயிற்று. தட்டிலே வைத்துக் கொடுத்ததுபோல் இவ்வளவு சுத்தமாக ஒரு காரணம் வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அடிமை இல்லாத ஏழை வெள்ளையன் ஏன் சண்டை போட்டான் என்று கேட்பீர்கள். தெற்கு வெள்ளைக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் அடிமை வைத்திருந்தது. மற்றவர்களில் சிலருக்கு நாளைக்கு ஒன்று வாங்கலாம் என்ற ஆசை. பலருக்கு, எவ்வளவு தாழ்ந்தாலும் நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது நமக்குத் தெரியாததில்லை. விரிக்கவில்லை.

சமரச முயற்சிகள் கடைசி வாரம் வரை நடந்தன. இருக்கும் மாநிலங்களில் அடிமைமுறையைக் கூட்டரசு என்றைக்கும் தொட முடியாதபடி அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றைக் காங்கிரஸ் 1861 மார்ச்சில் நிறைவேற்றியே விட்டது. லிங்கனும் மறுக்கவில்லை. பிரிந்தவர்களுக்கு அது போதவில்லை. ஏப்ரல் 12 அதிகாலை நாலரை மணிக்குச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மீது பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. கோட்டைத் தளபதி ராபர்ட் ஆண்டர்சன், சுடச் சொன்ன தளபதி போரெகார்டுக்கு ராணுவப் பள்ளியில் பீரங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர். லிங்கன் 75,000 தொண்டர்களைக் கேட்டார். வர்ஜீனியா போயிற்று.

மே 23 அன்று பிரிவினையை உறுதி செய்து வர்ஜீனியா மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அன்றிரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் துடுப்புப் போட்டு, கூட்டரசின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை வைத்திருந்தார்கள். அடுத்தபடி குடும்பத்தைப் பிரித்து வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிவந்துவிட்டார்கள். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர், மாசசூசெட்ஸ் வக்கீல், அடிமை ஒழிப்புக்காரர் அல்ல. முந்திய ஆண்டு கட்சி மாநாட்டில், பின்னர் பிரிந்த தெற்கின் தலைவரான ஜெபர்சன் டேவிஸைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்க ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் ஓட்டுப் போட்டவர். மறுநாள் எஜமானரின் சார்பில் ஒரு ராணுவ அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி மூவரையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். உங்கள் மாநிலம்தான் வேறு நாடாகிவிட்டதே, வேறு நாட்டுக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்றார் பட்லர். எஜமானர் கோட்டைக்கு வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் தருகிறேன் என்றும் சொன்னார். எஜமானர் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சில நாட்களிலேயே குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இப்படி வருபவர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று காங்கிரஸ் சட்டம் செய்தது ஆகஸ்டு 6-இல். அதற்குள் கோட்டையில் 900 பேர் சேர்ந்திருந்தார்கள்.